பழகி முடிக்காத பிள்ளைகள்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கடிதங்களை நான்தான் கணினியில் அடித்து எடுப்பேன். பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான். "மேலும் ஆறு மாத காலத்துக்குப் பயிலுநராகப் பணியாற்ற இத்தால் அனுமதிக்கப்படுகிறீர்" என்று இரண்டாவது பந்தியில் வரும். கீழே பிள்ளை கையெழுத்து வைக்க ஒரு கோடு. மொத்தம் பதினாலு கடிதங்கள். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இரண்டு வருடமாக அந்த வேலையைச் செய்தும், அந்த வரியை ஒருமுறையாவது நின்று வாசித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வேலணையில் பிரதான வீதியோரமாக இருக்கும் நண்டுக் கம்பனி எங்களுடையது. தீவுப்பகுதிக் கடலில் படும் நண்டை மீனவர்களிடம் வாங்கி, அவித்து, கோது உடைத்து, சதையை எடுத்து ஐஸ் பெட்டிகளில் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கிருந்து அது வெளிநாட்டுக்குப் போகும். கம்பனி தொடங்கியபோது சேர்ந்த முதல் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், அரசாங்க வேலை ஏதும் வருமா என்று மண்கும்பான் வீட்டில் மூன்று வருடம் காத்திருந்தவள் நான். கையெழுத்து அழகாக இருந்ததாலும் கணினி வகுப்புக்குப் போயிருந்ததாலும் ஒரு வருடத்தில் என்னைச் 'சுப்பவைசர்' ஆக்கினார்கள். சம்பளம் கூடியது. அப்பா நெஞ்சு வருத்தம் வந்த பிறகு தோட்ட வேலையை விட்டுவிட்டார். மாதாமாதம் வீட்டுக்கு நிச்சயமாக வருகிற பணம் என்னுடையது மட்டும்தான்.

கம்பனியை நடத்தியவர் இருபது வருடம் ஐரோப்பாவில் இருந்து திரும்பி வந்தவர். வேலணைதான் அவருக்குச் சொந்த ஊர். சொந்தக் காணியில் கட்டடம் போட்டு, வங்கியில் கடன் எடுத்து, குளிரறை வாங்கி வைத்திருந்தார். வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு சேர்ந்து நண்டுக் கூடை தூக்குவார். "முதலாளி எண்டு கூப்பிடாதேங்கோ, அண்ணை எண்டு கூப்பிடுங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம். நடுச் சாமத்தில் அப்பாவுக்கு நெஞ்சு இறுகியபோது தன் வானை ஓட்டிக்கொண்டு வந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பெற்றோலுக்குக்கூட ஒரு சதம் வாங்கவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எல்லாமே சுலபமாக இருந்திருக்கும்.

எங்களுக்குப் பிறகு சேர்ந்த பதினாலு பேரும் பயிலுநர்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். எங்கள் ஐந்து பேருக்கும் வழங்கிய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல் அவர்களுக்கு. கடல் கொந்தளித்து வள்ளங்கள் போகாத நாளில் நண்டு வராது. அந்த நாளுக்கு அவர்களுக்குச் சம்பளமும் இல்லை. புதிதாக ஒரு பிள்ளை சேர வந்தால் தாயையும் பிள்ளையையும் கதிரையில் இருத்தி இதையெல்லாம் விளங்கப்படுத்துவது என் வேலை. "பழகிற காலம்தானே அன்ரி, பழகினாப் பிறகு கூட்டுவினம்" என்பேன். எனக்கு அண்ணை சொன்னதைத்தான் நான் அவர்களுக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மையாகிவிட்டது.

அந்தப் பதினாலு பேரில் கரம்பொனிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். கடற்றொழில் குடும்பம். எங்களுக்கு வரும் நண்டில் ஒரு பகுதி அவளுடைய தகப்பன் பிடிப்பது. கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். வேலை தொடங்க முதல் அதை ஏப்ரனுக்குள் ஒளித்துவிடுவாள், நகை போடக் கூடாது என்பது சட்டம். கம்பனியில் அவளுடைய கையைப்போல வேகமான கை வேறு இல்லை. ஒரு நண்டை இடக்கையில் தூக்கினால், வலக்கைக் கத்தி நாலு இடத்தில் பட, சதை உடையாமல் முழுதாகத் தட்டில் விழும். புதுப் பிள்ளைகள் வந்தால் அவளுக்குப் பக்கத்தில்தான் இருத்துவேன்.

அந்த வருடம் அரசாங்கம் ஆகக் குறைந்த சம்பளத்தைக் கூட்டியது. சாமான்களின் விலை ஏறி, மாவும் எண்ணெயும் எட்டாத இடத்துக்குப் போய், ஆட்கள் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கியிருந்த காலம். காலையில் பிள்ளைகளை ஏற்றி வரும் வானில் ரேடியோச் செய்தியில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அதே கதைதான். கரம்பொன் பிள்ளை கோப்பையோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தச் சம்பளம் எங்களுக்கும் வருமோ?"

"அது நிரந்தரமான ஆக்களுக்கு. நீங்கள் பயிலுநர்தானே" என்றேன்.

கொஞ்ச நேரம் தேநீரைக் குடித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நான் எப்ப அக்கா பழகி முடிப்பன்?"

பகிடிக்குக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள். அவள் சேர்ந்து அப்போது பதினாறு மாதம். அவளிடம் பழக வந்த இரண்டு புதுப் பிள்ளைகள் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். "கெதியா ஒரு முடிவு சொல்லுவினம்" என்று ஏதோ சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அதற்கு அடுத்த கிழமை ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களைக் கொடுக்க யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே என் அம்மாவின் வயதிருக்கும் ஓர் அலுவலர் படிவங்களைப் பிரட்டிப் பார்த்தார்.

"உங்கடை இடத்தில எத்தினை பேர் வேலை செய்யினம்?"

"பத்தொன்பது பேர், மிஸ்."

"இதில அஞ்சு பேர்தானே இருக்கு?"

"மற்ற ஆக்கள் பயிலுநர்."

"என்ன பழகினம்?"

"நண்டு உடைச்சுச் சதை எடுக்க."

"அது பழக எத்தினை நாள் செல்லும்?"

பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "ரெண்டு கிழமை. கெட்டிக்காரப் பிள்ளையெண்டால் பத்து நாள்" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"பிள்ளை, பயிலுநர் எண்டு எழுதினாலும் வேலை செய்யிற ஆள் வேலையாள்தான். ஆகக் குறைஞ்ச சம்பளம் அவைக்கும் உண்டு. சேமலாப நிதியும் கட்டத்தான் வேணும். உங்கடை முதலாளியிட்டைச் சொல்லுங்கோ. முறைப்பாடு வந்தால் நாங்கள் வருவம். வராட்டிலும் ஒருநாள் வருவம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் வற்றி, முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பதினாலு பிள்ளைகளின் தாய்மாரை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என் முன்னால் இருந்து, என் முகத்தைப் பார்த்து, நான் சொன்னதற்குத் தலையாட்டியவர்கள். அண்ணை சட்டத்தை அறிந்து மறைத்தாரா, அறியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பொய்க்குக் குரல் கொடுத்தது நான்.

கம்பனிக்குப் போனதும் அண்ணை கேட்டார்: "போன அலுவல் சரியோ?"

"ஓம் அண்ணை, படிவத்தை எடுத்தவை" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. வேலை போனால் அப்பாவின் மருந்துக்கு என்ன செய்வது என்ற பயம். அதோடு, அப்பாவை வானில் ஏற்றிக்கொண்டு போன ஒரு மனிதரிடம் போய்ச் சட்டம் கதைக்க எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பின்னேரம் சப்பாத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அந்த மூன்று கிழமைக்குள் கரம்பொன் பிள்ளைக்கு விரலில் நண்டு முள் ஏறியது. அது எங்களுக்கு வழக்கமாக நடப்பதுதான், ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அவளும் அப்படித்தான் செய்தாள். இரண்டாம் நாள் விரல் வீங்கி, மூன்றாம் நாள் கை முழுவதும் சிவந்து கொதித்தது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழ் எடுத்து ஏற்பு நோய் வராமல் ஊசி போட்டார்கள். அவளோடு போனது நான்தான். கீறும்போது அவள் அழவில்லை, "எத்தினை நாள் வேலைக்குப் போகேலாது?" என்று டொக்டரிடம் கேட்டபோதுதான் குரல் உடைந்தது. அவர் ஒரு கிழமை என்றார். அவள் ஐந்து நாளில் வந்துவிட்டாள்.

மாத முடிவில் அவளுடைய சம்பளத்தில் அந்த ஐந்து நாளும் இல்லை. கடல் கொந்தளித்த மூன்று நாளும் இல்லை. உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.  நான் எதையோ தேடுவதுபோல அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மறுநாள் கடிதம் கொடுக்கும் நாள். வேலை தொடங்க முதல் உடுப்பு மாற்றும் அறையில் எல்லோரும் நிற்கும்போது மேசையில் கடிதங்களை அடுக்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது வழக்கம். நாலாவதாக அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். அதற்கு முதல் யாரும் அதை வாசித்து நான் பார்த்ததில்லை.

"நான் கையெழுத்து வைக்கேல்லை அக்கா."

"கை நோகுதோ?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"கை நோகேல்லை. பழகினது எனக்குப் போதும்."

 முதலில் கையெழுத்து வைத்த மூன்று பிள்ளைகளும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. கடிதத்தைப் பக்குவமாக மேசையில் திருப்பி வைத்துவிட்டு ஏப்ரனைக் கட்டத் தொடங்கினாள். கட்டுப் போட்ட விரலோடு முடிச்சுப் போட ஏலாமல் நின்றாள்.

நான் எழுந்துபோய் அந்த முடிச்சைப் போட்டுவிட்டேன். அவளுக்குப் பின்னால் நின்றபடியே, யாருடைய முகத்தையும் பார்க்காமல், தொழில் அலுவலகத்தில் கேட்டதெல்லாவற்றையும் சொன்னேன். எப்போது கேட்டேன் என்பதையும் சொன்னேன்.

"மூண்டு கிழமைக்கு முதலோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம்."

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"பயத்திலை" என்றேன்.

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வெளியே லொறி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு நண்டு அதிகம். "இப்ப என்ன செய்யிறது?" என்று எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டார்கள். வேலை செய்யாமல் இருப்போம் என்று உரத்துச் சொன்னாள் புங்குடுதீவுப் பிள்ளை. கரம்பொன் பிள்ளை அதற்குச் சம்மதிக்கவில்லை.

"நண்டு பழுதாப் போகும். விடிய வெள்ளன அப்பா கொண்டந்து நிறுத்துக் குடுத்த நண்டும் அதுக்குள்ள கிடக்கு. வேலையை முடிச்சிட்டுப் போய்க் கேப்பம்."

அப்படியே செய்தோம். அன்றைக்குப்போல அமைதியாக அந்த அறை ஒருநாளும் இருந்ததில்லை. கோது உடையும் சத்தமும் தட்டுச் சத்தமும்தான். பின்னேரம் தளத்தைக் கழுவி, கத்திகளை எண்ணி வைத்துவிட்டு, பதினைந்து பேரும் அண்ணையின் கந்தோர் வாசலில் போய் நின்றோம். முதல் ஐந்து பேரில் மற்ற நாலு பேரும் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான்தான் கதைத்தேன். அலுவலர் சொன்னதைச் சொன்னேன். அண்ணை என்னைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தார். அவருடைய முகம் ஒரேயடியாக வயது போனதுபோல ஆனது.

"நான் உங்களை என்ரை சகோதரங்கள் மாதிரித்தானே வைச்சிருக்கிறன்? வான் விடுறன். தேத்தண்ணி தாறன். ஒருத்தரையாவது ஒரு சொல்லு ஏசியிருக்கிறனோ?"

"இல்லை அண்ணை" என்றாள் கரம்பொன் பிள்ளை. "நீங்கள் ஏசேல்லை. அதாலைதான் இவ்வளவு நாளும் எங்களுக்குக் கேக்க வாய் வரேல்லை."

"நான் ஐரோப்பாவுக்குப் போன புதுசிலை ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் கோப்பை கழுவினனான். சாப்பாடும் படுக்க இடமும்தான் தந்தவங்கள். அப்பிடிப் பழகித்தான் நான் மேலை வந்தனான்."

 கரம்பொன் பிள்ளை மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஆறு மாதமும் உங்களுக்கு எப்பிடி இருந்தது அண்ணை?"

எதிர்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று எனக்கு அப்போதும் தெரிந்தது.  அவர் மேசையில் கிடந்த வாகனத் திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "எல்லாரும் வீட்டை போங்கோ" என்றார்.

மறுநாள் காலையில் வான் வரவில்லை. கம்பனி வாசலில் குளிரறை திருத்த வேலை என்று ஓர் அறிவித்தல் தொங்கியது.

ஒன்பது நாள் படலை பூட்டியே கிடந்தது. அந்த ஒன்பது நாளும் எனக்கு வாழ்க்கையில் மறக்க முடியாதவை. நண்டு வாங்க ஆள் இல்லாமல் மீனவர்கள் பட்டணத்து வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். நாரந்தனையிலிருந்து ஒரு பிள்ளையின் தாய் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலையில் நின்றபடியே பேசினார்.

"நீர்தானே பிள்ளை எனக்கு அண்டைக்கு விளங்கப்படுத்தினனீர்? பழகினாப் பிறகு கூட்டுவினம் எண்டு? இப்ப பிள்ளை கொண்டுவந்த அந்தப் பாதிக் காசும் போச்சு. எங்கடை அடுப்பில சட்டம் வேகுமோ?"

  அவர் போன பிறகு அம்மா குசினிக்குள் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைத்தார். "ஊருக்கு ஞாயம் பேசப்போய்க் கொப்பாவின்ரை மருந்தை மறந்திட்டாய்" என்றார். அப்பா மட்டும் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு, "அவள் மூண்டு கிழமை மறக்கேல்லைத்தானே" என்றார். நான் சொல்லாமல் இருந்த கதை அவருக்குத் தெரிந்திருந்தது. அது என்னைத் தேற்றச் சொன்னதா, குத்தச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆறாம் நாள் பஸ் ஏறிக் கரம்பொனுக்குப் போனேன். பிள்ளை முற்றத்தில் இருந்து தகப்பனோடு சேர்ந்து வலையில் சிக்கிய பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தகப்பன் என்னைக் கண்டதும் எழுந்து ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். ஏசுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"நண்டுக்கு விலை குறைஞ்சால் நாங்கள் நாலு பேராச் சேர்ந்து போய்ச் சண்டை பிடிக்கிறனாங்கள்" என்றார். "பிள்ளையள் கேட்டால் மட்டும் பிழையே?"

பிள்ளையிடம், "பயமா இருக்கோ?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் கிடக்கு அக்கா. அண்ணை எங்களாலை கம்பனியை மூடினால் மற்றப் பிள்ளையள் என்னைத்தானே சொல்லுவினம்" என்றாள். கையிலிருந்த பாசியை உதறிவிட்டு, "கையெழுத்து வைச்சிருந்தாலும் பயமாத்தான் இருந்திருக்கும். வேறை மாதிரிப் பயம்" என்றாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அண்ணை மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு கோப்பு. அப்பாவிடம் சுகம் விசாரித்தார், அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார், பிறகு கோப்புகளை விறாந்தை மேசையில் விரித்தார். கொழும்புக்காரன் கிலோவுக்கு என்ன கொடுக்கிறான், வங்கிக்கு மாதம் எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார். எனக்கு முன்னால் ஒருநாளும் அவற்றைத் திறந்தவரில்லை.

"நான் கொள்ளை அடிக்கேல்லை எண்டு உமக்குத் தெரிய வேணும். அதுதான் கொண்டந்தனான்."

"நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை."

"சொல்லேல்லை. அது தெரியும்." கோப்பில் ஒரு தாளின் மூலையை மடித்து மடித்து விரித்தார். "அண்டைக்கு அந்தப் பிள்ளை கேட்டதுக்கு நான் மறுமொழி சொல்லேல்லை. அந்த ஆறு மாதமும் நான் அம்மாவுக்குக் கடிதம் போடேல்லை. என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை."

  இருட்டும்வரை இருந்து கணக்குப் பார்த்தோம். சட்டப்படி உள்ள சம்பளத்தை எல்லோருக்கும் கொடுப்பது, சேமலாப நிதி கட்டுவது, காயப்பட்டு வேலைக்கு வராமல் நின்றால் சம்பளத்தை வெட்டாமல் விடுவது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் இனி ஓடாது. முடிந்துபோன மாதங்களின் பாக்கியைத் தர ஏலாது என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், பத்தொன்பது பேரையும் வைத்திருக்க ஏலாது என்றார்.

"எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

"நாலு. கடைசியா வந்த நாலு பேர்."

நான் வாதாடினேன். அவருடைய கோப்புகளை வைத்தே வாதாடினேன். ஒரு பக்கம் என் கணக்கு சரியாக வந்தது, இன்னொரு பக்கம் அவருடையது. கடைசியில், வேலை கூடினால் முதலில் அந்த நாலு பேரையும் கூப்பிடுவதாகச் சொன்னார். "நீரே அவையளுக்குச் சொல்லும்" என்றார். சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களைச் சேர்க்கும்போது சொன்னவள் நான்தானே என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் நாலு பேருக்கும் போன் எடுத்தேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி, தான் எப்படியும் கொழும்புக்குப் போக இருந்ததாகச் சொன்னாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் புங்குடுதீவுப் பிள்ளைக்கு எடுத்தேன். அவள் சேர்ந்து நாலு மாதம்தான். உடுப்பு மாற்றும் அறையில் அன்றைக்கு எல்லோரையும்விட உரத்துக் கதைத்தவள் அவள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். "சரி அக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கம்பனி திறந்தது. பிள்ளைகள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வரத் தொடங்கினார்கள். முதல் மாதச் சம்பள உறையை வாங்கியபோது ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. நாரந்தனைப் பிள்ளை மட்டும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது எனக்குத்தானோ அக்கா, பேர் மாறிப்போச்சோ?" என்று கேட்டாள். கரம்பொன் பிள்ளை அந்தக் காசில் பாவித்த சைக்கிள் ஒன்று வாங்கினாள். ஆறு மாதத்தில் அவளைப் புதுப் பிள்ளைகளுக்குப் பழக்குபவளாக முறையாகவே நியமித்து, அதற்கு மேலதிகமாகவும் கொடுத்தார் அண்ணை. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். ஒவ்வொரு சொல்லாக வாசித்து அடித்தேன்.

அண்ணையோடு பழைய மாதிரி ஆக நாள் எடுத்தது. முழுவதும் பழைய மாதிரி ஆகவில்லை என்றே சொல்ல வேண்டும். முன்பு என்னைக் கண்டால் ஊர்க்கதை கதைப்பவர், அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் வேலையை மட்டும்தான் கதைத்தார். அரசாங்கம் பிறகும் சம்பளத்தைக் கூட்டியபோது, நான் வாயைத் திறக்க முதலே, "எந்த மாதத்திலையிருந்து எண்டு பாத்துச் சொல்லும்" என்றார். "வருசா வருசம் கூட்டிக்கொண்டு போனால் நான் எங்கை போறது" என்று அலுத்தும் கொண்டார். இரண்டும் அவர்தான்.

நண்டு கூடிய பருவத்தில் அந்த நாலு பேரில் இரண்டு பேரைத் திருப்பிக் கூப்பிட்டோம். கொழும்புக்குப் போவதாகச் சொன்னவள் உண்மையாகவே போய்விட்டாள். புங்குடுதீவுப் பிள்ளை என் போனை எடுக்கவில்லை. மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இந்த வருடம் தையில், மச்சாளின் கலியாணத்துக்குச் சீலை எடுக்க யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடைக்குள் போனேன். இரண்டாம் மாடியில் சீலை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள் அவள். கண்டதும் இரண்டு பேரும் கொஞ்சம் தடுமாறினோம். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று அவள்தான் முதலில் கதைத்தாள். ஏழெட்டுச் சீலை விரித்துக் காட்டினாள். எனக்கு எந்த நிறமும் கண்ணில் படவில்லை.

"இஞ்சை எப்பிடி?" என்று கேட்டேன்.

"சம்பளம் சட்டப்படி தருகினம். முதல் நாளே கேட்டுப்போட்டுத்தான் சேந்தனான். நிக்கிறதுதான் கஷ்டம், கால் வீங்குது. இருக்க விடுகினமில்லை." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அதையும் கேக்கத்தான் யோசிக்கிறம்."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.  அவள் விரித்த சீலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்கள் அண்டைக்கு உடுப்பு மாத்திற அறையில சொன்னது சரிதான் அக்கா. சொல்லாமல் விட்டிருக்கக் கூடாது. ஆனால் என்னை வேலையாலை நிப்பாட்டிப்போட்டியள் எண்டு ஒரு வருசம் உங்களோடை கோவமாத்தான் இருந்தனான். போன் அடிக்கேக்கை பாத்துக்கொண்டிருந்தனான், எடுக்கேல்லை."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் கிடக்கு" என்றாள். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் பொய்யாகச் சொல்லவில்லை.

மேற்பார்வை பார்ப்பவர் எங்கள் பக்கம் வந்தார். அவள் உடனே நிமிர்ந்து, பச்சைக் கரை வைத்த சீலை ஒன்றை என் தோளில் போட்டுப் பார்த்து, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கு அக்கா" என்றாள். அதையே எடுத்தேன்.